ஒரு விரல்கணு மருந்து

பத்தொன்பது வருஷக் குடித்தனத்தில் என் வீட்டுக்காரர் யாருக்கும் ‘இல்லை’ என்று சொல்லி நான் கேட்டதில்லை. போன வாரம் சொன்னார். அதுவும் ஆயுத பூஜை அன்று, பொரியும் கடலையும் கையில் வைத்துக்கொண்டு, நாலு பேர் பார்க்க.

என்ன கேட்டார்கள்? பைக்கா? இல்லை... ஒரு ஆயின்மென்ட் ட்யூப்.

வாராவாரம் என் புலம்பலைப் படிக்கிற உங்களுக்குத் தெரியும், நான் திருச்செங்கோட்டுக்காரி. வீட்டுக்காரர் ரிக் லாரியில் டிரில்லர். போர் போடும் வண்டியில் லீவரைப் பிடித்து நிற்கிற ஆள். வருஷத்தில் எட்டு மாசம் வடக்கே யார் வயலிலாவது பூமியைத் துளைத்துக்கொண்டிருப்பார். மழைக்காலத்தில் வண்டியோடு ஊர் திரும்புவார். வண்டிக்கு ரிப்பேர், பெயின்ட். ஆளுக்கு ஓய்வு.

இந்தத் தடவை ஆளுக்கும் ரிப்பேர் தேவைப்பட்டது.

வந்த அன்றைக்கு இலை போட்டு உட்கார வைத்தால், ரசம் சாதத்துக்கு ஸ்பூன் கேட்கிறார். எனக்குச் சந்தேகம் வந்து கையைப் பிடித்துத் திருப்பினேன். உள்ளங்கை முழுக்க வெடிப்பு. விரல் இடுக்கெல்லாம் சிவந்து நீர் கோத்திருந்தது. மூன்று மாசமாக போனில் ‘கை லேசா அரிக்குது’ என்று மட்டும்தான் சொல்லியிருந்தார். லேசாவாம்!

கதையைக் கேளுங்கள். ரிக்கில் வேலை முடிந்தால் கை முழுக்க கிரீஸ். சோப்புக்கு அது போகாது. அதனால் டீசலில் கை கழுவுவார்கள். டீசல் வாடை போக, துணி துவைக்கிற பவுடரைக் கொட்டித் தேய்ப்பார்கள். ஒரு நாளைக்கு மூன்று நாலு தடவை. எந்தக் கைதான் தாங்கும்?

அரிப்பு வந்ததும் வண்டி டிரைவர் குப்புசாமி அண்ணன் தன் பெட்டியிலிருந்து ஒரு ட்யூப் எடுத்துக் கொடுத்திருக்கிறார். டாக்டர் சீட்டு இல்லாமல் எங்கேயோ மெடிக்கலில் வாங்கியது. வண்டியில் யாருக்கு என்ன வந்தாலும் — படை, சேற்றுப்புண், பூச்சிக்கடி — எல்லாருக்கும் அந்த ஒரே ட்யூப்தான். ரெண்டு நாளில் அரிப்பு நின்றது. நிறுத்தியதும் இரண்டு மடங்காக வந்தது. மறுபடி பூசினார்.

பூசினார் என்றா சொன்னேன்? கிரீஸ் வைத்தார். டிரில் ராடின் மரைக்குக் கிரீஸ் அப்பி, மண் போகாமல் பாலிதீன் சுற்றி வைப்பார்கள். அதே மாதிரி கைக்கும் அப்பி, கவர் மாட்டி, ரப்பர் பேண்டு போட்டுத் தூங்கியிருக்கிறார். ராடு நன்றாகத்தான் இருக்கிறது. கைதான் தோல் மெலிந்து, தொட்டால் ரத்தம் கசிந்தது.

முதலாளி வீட்டுக்கு வந்து பார்த்தார். நல்ல மனுஷர்தான். ஆயுத பூஜைக்கு மறுநாள் வண்டி கிளம்புகிறது, அதற்குள் கை சரியாகாவிட்டால் வேறு டிரில்லரை ஏற்றிக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனார். தப்பு சொல்ல முடியுமா? லீவரை இறுக்கிப் பிடிக்க முடியாத ஆளை நம்பி வண்டியை எப்படி அனுப்புவார்? ஆனால் ஹெல்பராக ஏறி, பதினோரு வருஷம் கழித்து அந்த லீவருக்கு வந்தவர் இவர். விட்டுக் கொடுத்தால் திரும்பக் கிடைக்காது. நான் அடுப்படியில் போய் அழுதேன்.

கையில் இருந்தது ஏழு வாரம்.

நாமக்கல்லில் ஒரு தோல் டாக்டர். என்னைவிட வயதில் சின்னவர். பழைய ட்யூபைக் கேட்டதும் இவர் பெருமையாகச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அவர் படித்துப் பார்த்தார்.

“இதுல மூணு மருந்து இருக்குதுங்க. ரெண்டு உங்களுக்கு வேண்டாதது. ஒண்ணு அளவு தெரியாமப் போட்டது.”

ட்யூப் குப்பைக் கூடைக்குப் போனது. வந்திருப்பது எக்ஸிமா, அதாவது கரப்பான், அது யாருக்கும் ஒட்டாது என்றார். டீசலும் பவுடரும்தான் வினை. வேறு ஒரு ஆயின்மென்ட் எழுதி, இவர் ஆள்காட்டி விரலில் நுனியிலிருந்து முதல் கோடு வரைக்கும் ஒரே ஒரு கோடாகப் பிதுக்கிக் காட்டினார். ரெண்டு உள்ளங்கைக்கும் சேர்த்து அவ்வளவுதானாம். ராத்திரி ஒரு தடவை. மெல்லிசாக. கவர் கூடாது.

இவர் அந்த விரலைப் பார்த்த பார்வை இருக்கிறதே... அளவு சாப்பாட்டுக்கு வந்து மாட்டிக்கொண்டவர் மாதிரி.

“இது எப்படிங்க பத்தும்?”

“பத்தலைன்னா நான் பொறுப்புங்க,” என்றார் டாக்டர்.

கை கழுவும்போதெல்லாம் மாய்ஸ்சரைசர். அதைத் தடவி அரை மணி நேரம் கழித்துத்தான் ஆயின்மென்ட். கிரீஸைத் தேங்காய் எண்ணெய்த் துணியால் துடைத்துவிட்டு மைல்டு சோப். வேலை செய்யும்போது உள்ளே பருத்திக் கையுறை, மேலே ரப்பர் கையுறை. ரெண்டு வாரம் கழித்து வந்து காட்ட வேண்டும். இத்தனையும் கேட்டுக்கொண்டு வந்தோம்.

இனி என் பெருமையையும் சொல்ல வேண்டாமா? வீட்டுக்கு வந்து, மருந்துப் பெயரை போனில் தட்டிப் பார்த்தேன். ‘ஸ்டீராய்டு’ என்று இருந்தது. பயந்துபோய் ட்யூபை பீரோவில் பூட்டிவிட்டேன். மூன்று நாள். நான்காம் நாள் வெடிப்பில் ரத்தம். குற்றவாளி மாதிரி டாக்டர் முன்னால் போய் நின்றேன். அவர் திட்டவில்லை.

“அள்ளிப் பூசறதும் தப்புங்க, பயந்துட்டுப் பாதியில வுடறதும் தப்புங்க. சொன்ன அளவு, சொன்ன நாள். அவ்வளவுதான்.”

அன்றிலிருந்து பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். ராத்திரி எட்டரை மணி ஆனால் விரலை நீட்டச் சொல்வேன். கோட்டைத் தாண்டி ஒரு பொட்டு வந்தாலும் வழித்து எறிவேன். இடையில் எங்கள் பெண் முகப்பருவுக்குப் பூசலாமே என்று ட்யூபை எடுத்தாள்... பிடுங்கி வைத்தேன். உள்ளங்கைக்கு எழுதியதை முகத்தில் பூசலாமா?

பத்தாவது நாள் அரிப்பு இல்லை. உடனே இவர், ‘சரியாயிருச்சு புள்ள, போதும்’ என்றார். விடுவேனா? டாக்டர் ரெண்டு வாரம் முடிந்ததும் பார்த்துவிட்டு, ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஆக்கினார். அப்புறம் வாரத்துக்கு ரெண்டு நாள். அப்புறம் நிறுத்தச் சொன்னார். மாய்ஸ்சரைசர் மட்டும் எப்போதும் உண்டு. ஐந்தாம் வாரம் ரசம் சாதத்தைக் கையால் பிசைந்து சாப்பிட்டார். நான் இன்னொரு கரண்டி ரசம் ஊற்றிவிட்டு, அவருக்குத் தெரியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

ஆயுத பூஜை வந்தது. புதுப் பெயின்டில் வண்டி, சந்தனம், குங்குமம், வாழைக்கன்று. முதலாளி இவர் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். அழுத்திப் பார்த்தார். லீவரைக் காட்டினார். இவர் ஏறி நின்று இழுத்தார். வண்டி உறுமியது பாருங்கள்... அந்தச் சத்தத்துக்கு ஈடு ஏது? நானே கிணறு வெட்டிய மாதிரி நின்றேன்.

அப்போதுதான் குப்புசாமி அண்ணன் வந்தார்.

“மாப்ள, டாக்டர் எழுதுன அந்த ட்யூப இப்படிக் குடு. என்ற மொழங்கைல ரெண்டு மாசமா அரிக்குது.”

ரிக் வண்டியில் பீடி, சட்டை, செருப்பு எதுவுமே ஒருத்தருக்குச் சொந்தம் கிடையாது. கேட்டால் கொடுத்தாக வேண்டும். கையில் பொரியும் கடலையுமாக இவர் அண்ணன் பக்கம் திரும்பினார்.

“இல்லீங் மச்சான். அது என்ற கைக்கு எழுதிக் குடுத்தது. காத்தால வாங்க, டாக்டர்கிட்ட நானே கூட்டீட்டுப் போறேன். வண்டி சாயந்தரந்தான கெளம்புது?”

அண்ணன் முகம் சுருங்கிவிட்டது. சுற்றி நின்றவர்களும் ஒரு மாதிரி பார்த்தார்கள். ஆனாலும் மறுநாள் காலையில் இவர் அண்ணனை பைக்கில் ஏற்றிக்கொண்டு போனார்.

டாக்டர் பார்த்துவிட்டுச் சொன்னாராம்: குப்புசாமி அண்ணனுக்கு இருப்பது எக்ஸிமாவே இல்லை, படை. இவருடைய ஆயின்மென்ட்டைப் பூசியிருந்தால் கை முழுக்கப் பரவியிருக்குமாம். அவருக்கு எழுதியது வேறு மருந்து. அண்ணன் திரும்பி வரும்போது தன் ட்யூபைத் தன் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டு வந்தார்.

சாயந்தரம் வண்டி கிளம்பியது. ஊர் ஊராகத் தண்ணீர் எடுத்துக் கொடுக்கிற மனுஷன், ஒரு ட்யூப் கொடுக்க மாட்டேன் என்கிறார்... இந்தக் கஞ்சனுக்கு வாழ்க்கைப்பட்டதில் எனக்கு ரொம்பப் பெருமை!