கருப்புசாமி கட்டிய பாலமும் அதன் கீழே ஓடிய தண்ணீரும்

கட்டிங் மாஸ்டர் கருப்புசாமியைப் பற்றி எங்கள் பனியன் கம்பெனியில் இரண்டு பேச்சு உண்டு. கிறுக்கன் என்பார்கள், இல்லையென்றால் திமிர் பிடித்தவன் என்பார்கள். அப்படிச் சொன்னவர்களில் ஒருவனாவது ஒரு வேலையை ஒழுங்காக முடித்து நான் பார்த்ததில்லை. பேக்கிங்கில் இருந்துகொண்டு அவரை ஒன்பது வருஷம் பார்த்தவன் நான். அதனால் என் பேச்சைக் கேளுங்கள்.

துணி ரோல் வந்து இறங்கினால் அவர் உடனே கத்திரியை எடுக்கமாட்டார். ஒரு துண்டு மட்டும் வெட்டி வாசலுக்குக் கொண்டுபோவார். டியூப்லைட்டை அவர் நம்பியதே இல்லை. பகல் வெளிச்சத்தில், சரக்கு வாங்கும் பையர் கொடுத்த சாம்பிளைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். நிறத்தில் நூலளவு வித்தியாசம் இருந்தாலும் "இத வெட்டமாட்டனுங்க" என்றுவிடுவார். முதலாளி லிங்கசாமியே வந்து நின்றாலும் அதே பதில்தான்.

எண்பத்தேழில் ஜெர்மனிக்காரர் ஒருவர் முதலாளி வீட்டுக்கு ஒரு பொம்மை ரயில் கொடுத்தார். ஆறே மாதத்தில் இன்ஜின் நின்றுபோய், பெட்டியோடு எங்கள் கோடவுனுக்கு வந்துவிட்டது. கருப்புசாமி அதைத் திருப்பிப் பார்த்தார். சக்கரத்து அச்சில் நூல் சுற்றியிருந்தது. திருப்பூருக்கு வந்தால் ரயிலுக்கும் இதே கதிதான். ஊசியால் நூலை எடுத்ததும் இன்ஜின் ஓடியது. "நீயே எடுத்துக்கப்பா, அடைசல் போனாச் சரி" என்றார் முதலாளி.

வேறு யாராக இருந்தாலும் தரையில் வட்டமாக ஓடவிட்டுக் கைதட்டியிருப்பார்கள். இவர் கேட்டார்: "ரயிலுன்னா அது ஒரு ஊரு வழியாப் போகோணுமில்லீங்க?"

கழித்துப்போட்ட கட்டிங் டேபிள் பலகை ஒன்று, எட்டுக்கு நாலு அடி. அதில் ஊர் முளைக்க ஆரம்பித்தது. நான் கொடுத்த அட்டைப்பெட்டிகளும், மைதாப் பசையில் நனைத்த பஞ்சு வேஸ்ட்டும் கரட்டுக் குன்றாகவும் மேடாகவும் ஆயின. ஈர்க்குச்சியில் பச்சை நூல் சுற்றினால் பனைமரம். நூல் சுற்றிவரும் காகிதக் கூம்பைக் கவிழ்த்து மேலே கரி பூசினால், துணிக்குச் சாயமேற்றும் டையிங் பாய்லரின் புகைபோக்கி.

பாலம்தான் அவரைப் படுத்திவைத்தது. எங்கள் கம்பெனியின் டையிங் பட்டறைக்குப் பின்னால் ஒரு பள்ளம் ஓடுகிறது, போய் நொய்யலில் சேரும் ஓடை. அதன்மேல் ரயில் பாலம்: நாலு கல்தூண், மேலே இரும்பு கர்டர். ஞாயிற்றுக்கிழமைகளில் இன்ச் டேப்போடு போய்த் தூண்களை அளப்பார். லைன் பார்க்கும் ஆட்கள் இரண்டு முறை விரட்டினார்கள், மூன்றாம் முறை அவர்களே டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்கள்.

இவ்வளவு அளந்தவர், அட்டையை வெட்டும்போது தையலுக்கென்று இரண்டு பக்கமும் அரை அங்குலம் விட்டுவிட்டார்! இருபது வருஷப் பழக்கம். பொருத்தினால் பாலம் நடுவில் ஒட்டக முதுகாகத் தூக்கிக்கொண்டு நின்றது. நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். "நான் வெட்டலீங்க சுப்பண்ணா, கை வெட்டிப்போடுச்சு" என்றார். மூன்றாவது தடவைதான் பாலம் உட்கார்ந்தது. வண்டி அதன்மேல் ஏறியபோது சத்தம் மாறியது. நிஜப் பாலத்தில் கேட்குமே, அந்தக் கடகடப்பு. அவர் கண் கலங்கிவிட்டது, எனக்கும்தான்.

அவர் குடும்பம் இருந்தது ஒற்றை அறை லைன் வீட்டில். பாதி இடம் பலகைக்கே போனது. "ஊரு சனமெல்லாம் கூரைக்குக் கீழ படுக்குது. நாங்க பாலத்துக்குக் கீழ படுக்கறமுங்கண்ணா" என்பாள் அவர் மனைவி மயிலாத்தாள். ஆனாலும் கல்தூண்களுக்குக் கோடு வரைந்தது அவள்தான்.

பிறகு தண்ணீர். முதலில் நீலப் பெயின்ட் அடித்தார். ஒரு நாள்கூட அதை அவரால் பொறுக்க முடியவில்லை, சுரண்டி எறிந்தார். வெள்ளை பனியன் துணியில் நீளமாக ஒரு பட்டை வெட்டி, கல்லைக் கட்டிப் பள்ளத்தில் போட்டுவைத்தார். சாயங்காலம் எடுத்தால் கத்திரிப்பூ நிறம். காயவைத்துப் பாலத்தின் கீழே விரித்தார். அடுத்த வாரம் பள்ளம் துருநிறமாக ஓடியது, துணியையும் மாற்றினார். ஒவ்வொரு ஞாயிறும் இப்படித்தான்.

தொண்ணூற்று மூன்றில் முதலாளி டையிங்கை ஒட்டிப் புது ஆபீஸ் கட்டினார். வெளிநாட்டு பையர்கள் வருவதால், முன்ஹாலில் கண்ணாடிப் பெட்டிக்குள் இந்த ரயிலை வைக்க ஆசைப்பட்டார். கீழே பித்தளைப் பலகையில் 'கட்டியவர்: கட்டிங் மாஸ்டர் கருப்புசாமி' என்று வெட்டியும் வைத்துவிட்டார். கருப்புசாமி வெட்டிய பனியன்கள் லட்சக்கணக்கில் உலகமெல்லாம் போயிருக்கின்றன, எல்லாவற்றிலும் யார் யாருடைய பெயரோ. தன் பெயரை அவர் விரலால் தடவிப் பார்த்ததை நான் பார்த்தேன். அந்த ஆசை சின்ன ஆசை இல்லை.

டெம்போவில் கொண்டுபோய் இறக்கினோம். முதலாளி வந்தார். புகைபோக்கியைப் பார்த்துச் சிரித்தார், பாலத்தைப் பார்த்து வாயைப் பிளந்தார். பிறகு குனிந்தார். அந்த வாரம் பள்ளத்தில் சிவப்பு.

"என்னப்பா இது, ரத்தமாட்ட?"

"பள்ளத்துத் தண்ணிங்க."

"நீலமா மாத்திப்போடு. நாளைக்கு பையருங்க வாராங்க."

"மாத்தமாட்டனுங்க."

மேனேஜர் சென்னிமலை குறுக்கே வந்தார். "ஒரு துண்டுத் துணிதான மாஸ்டரு? ஏன் வம்பு?"

கருப்புசாமி அந்தப் பட்டையை உருவினார். வாசலுக்குப் போனார். ரோலுக்குப் பார்ப்பது போலவே பகல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். அங்கிருந்து பார்த்தால் பள்ளம் தெரியும்.

"இங்க வந்து பாருங்க மொதலாளி. நிறத்துல வித்தியாசம் இருந்தாச் சொல்லுங்க, நானே ரிஜக்ட் பண்ணிப்போடறேன்."

லிங்கசாமி வாசல் பக்கம் போகவே இல்லை. "இந்தச் சாயத்தப் போடச் சொல்லி உனக்கு எவன்டா சொன்னது?" என்று கத்தினார்.

"நான் போடலீங்க. வெள்ளத் துணியத்தான் முக்கினனுங்க. சாயம் நம்ம டையிங் போட்டதுங்க."

"நீலமாக்கு. இல்லீனா இதயும் தூக்கிட்டு நீயும் போ. கட்டிங் டேபிள் பக்கம் வராத."

"சரிங்க. பள்ளத்துல தெளிஞ்ச தண்ணி ஓடற அன்னிக்குச் சொல்லியனுப்புங்க. நானே கொண்டாந்து வெக்கறனுங்க."

கெட்ட வார்த்தையில் போடும் சண்டைகள் எத்தனையோ கேட்டிருக்கிறேன். அந்த 'ங்க' அளவுக்கு எதுவும் சுட்டதில்லை. பலகையின் ஒரு முனையை அவர் தூக்கினார், மறுமுனையை நான் பிடித்தேன். வீரம் என்று நினைக்காதீர்கள். மறுநாள் காலை நான் அதே கம்பெனிக்கு வேலைக்குப் போனேன். பித்தளைப் பலகையில் அவர் பெயரைத் தேய்த்து அழித்துக்கொண்டிருந்தார்கள். நான் பேசாமல் கடந்துபோனேன், அந்த வெட்கம் இன்னும் எனக்குண்டு.

அவருக்குப் பெருமாநல்லூரில் வேறு கம்பெனி கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை பள்ளத்துக்கு வருவதை மட்டும் விடவில்லை.

தொண்ணூற்றொன்பதில் அவர் வீட்டுக்குப் போனேன். வண்டி பாலத்தின்மேல் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது, கீழே பச்சைத் தண்ணீர். சுவரோரம் கட்டிய கம்பியில் பழைய பட்டைகள் தேதிச் சீட்டோடு வரிசையாகத் தொங்கின. பன்னிரண்டு நிறம் வரை எண்ணிவிட்டு விட்டுவிட்டேன். கடைசியில் பிளாஸ்டிக் கவருக்குள் ஒரு வெள்ளைப் பட்டை இருந்தது.

"இது இன்னும் முக்காததுங்களா?"

"தெளிஞ்ச தண்ணி வர்ற அன்னிக்கு முக்கறதுக்குங்க" என்றாள் மயிலாத்தாள்.

எடுத்துப் பாலத்தின் அடியில் வைத்து அளந்தேன். அரை அங்குலம் கூட இருந்தது. "மறுபடியும் தையலுக்கு விட்டுட்டீங்களா மாஸ்டர்?" என்று சிரித்தேன்.

கருப்புசாமி சிரிக்கவில்லை. பட்டையை வாங்கி மடித்துக் கவருக்குள் வைத்தார்.

"புதுத் துணி, நனைஞ்சாச் சுருங்குமில்லீங்க? அன்னிக்கு அளவு பத்தாமப் போயிரக் கூடாது."