வெட்டுப்பட்ட ‘என்னோடு’

லங்காஷயரில் பஞ்சாலைக் கரி படிந்த ஒரு சிற்றூரில், வெள்ளிதோறும் வெளிவந்த பத்திரிகைக்கு இருபத்திரண்டு வருடமாக மரண அறிவிப்புகளைத் திருத்தித் தந்தவள் மியூரியல் ஆர்மராட். கல்யாணம் ஆகாதவள். அக்காவோடு இருந்தாள். எழுவாய் பன்மையாயிருந்து வினை ஒருமையில் நின்றால் அவளுக்குச் செருப்புக்குள் கல் புகுந்த மாதிரி. ஊரில் பத்துப் பேரைப் பற்றிப் பேசினாலும் ஆங்கிலத்தின் பன்மை ‘வேர்’ (were) வராது, ஒருமை ‘வாஸ்’தான் (was) வரும். அதை அப்படியே அச்சில் விட்டால் செத்தவர்களைப் பார்த்து மான்செஸ்டர்காரர்கள் சிரிப்பார்கள் என்பாள். தான் செய்வதை மரியாதை என்றே நம்பினாள்.

1961 நவம்பரில் வில்ஃப் கிளெக் என்ற ஓய்வுபெற்ற நெசவாளி, மனைவி டோரிஸின் அறிவிப்பைப் பென்சிலால் எழுதிக் கொண்டுவந்து முன்மேசையில் கொடுத்துவிட்டுப் போனார். நானும் டோரிஸும் நாற்பத்தோரு வருடம் தம்பதியாக இருந்தோம் என்ற வரியில் ‘வாஸ்’ போட்டிருந்தார். மியூரியல் அதை ‘வேர்’ ஆக்கி, ‘டோரிஸும் நானும்’ என்று டோரிஸின் பெயரை முன்னால் நகர்த்தினாள். அடுத்த வரி: ‘அவளுக்கு ஆடுவதும், கேக் சுடுவதும், ஜன்னலோரம் என்னோடு உட்காரவும் பிடிக்கும்.’ மூன்றாவது மட்டும் இழுத்துக்கொண்டு நின்றது. ‘உட்காருவதும்’ என்று மாற்றினாள். அப்படியும் மற்ற இரண்டைவிட நீளமாயிருந்ததால் ‘என்னோடு’ என்பதை அடித்தாள். வாசித்துப் பார்த்தாள். சீராக இருந்தது.

வெள்ளியன்று காலை பத்திரிகை வந்தது. மதியம் அடக்கம். வில்ஃபின் கண்ணாடி எங்கேயோ போயிருந்ததால் அவர் அதைப் படிக்கவில்லை. அவர் கேட்டுக்கொண்டபடி அண்ணன் மகள் அறிவிப்பைக் கத்தரித்து டோரிஸின் கைக்குள் வைத்தாள். சாயங்காலம் கண்ணாடி கிடைத்து, பக்கத்து வீட்டுப் பத்திரிகையை வாங்கி அவர் படித்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

திங்களன்று தொப்பியைக் கையில் பிடித்தபடி மியூரியலின் மேசைமுன் வந்து நின்றார். இதை எழுதியது யார் என்று கேட்டார். நீங்கள்தானே என்று அவள் குனிந்தபடி சொன்னாள்.

“முகத்தைத் தூக்கிப் பேசுங்கம்மா. எனக்குக் காது கேக்காது.”

அவள் நிமிர்ந்து மறுபடி சொன்னாள்.

“நான் எழுதினதுல நான் இருந்தேன்,” என்றார் வில்ஃப். “இதுல அவ தனியா உக்காந்திருக்கா.”

தறிச் சத்தத்தில் தங்கள் இருவருக்குமே காது போய்விட்டதை மெதுவாகச் சொன்னார். ஆலையில் பழகியபடி வீட்டிலும் உதட்டைப் பார்த்துத்தான் பேசிக்கொள்வார்களாம். அதற்கு வெளிச்சம் வேண்டும். அதனால்தான் ஜன்னல்.

மியூரியல் விளக்கம் சொல்ல வாயெடுத்தாள். ஒருமை பன்மைக்கு விதி இருந்தது. ஒரே மாதிரி அடுக்குவதற்கும் இருந்தது. ‘என்னோடு’ எந்த விதியையும் மீறவில்லை. அவள் காதுக்கு நீளமாகப் பட்டது, அவ்வளவுதான்.

“தப்பு என்னோடது, மிஸ்டர் கிளெக்.”

அவர் தலையசைத்துவிட்டுப் போய்விட்டார்.

ஆசிரியரிடம் கெஞ்சி அடுத்த வெள்ளி அதைப் பென்சிலில் இருந்தபடியே, ‘வாஸ்’ உட்பட, மறுபடி போடவைத்தாள். பத்திரிகையை அவளே அவர் வீட்டுக்கு எடுத்துப்போனாள். டீ கொடுத்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தடவை படித்தார்.

“சரியா இருக்கும்மா. ஆனா அவகிட்ட இருக்கிறது மத்தது.”

திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது மியூரியலுக்கு. டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பினாள்.

மறுவாரம் நகரசபைச் செய்திப் பக்கத்துக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டாள். ஒன்பது வருடம் கழித்து ஓய்வுபெறும்வரை அங்கேதான் இருந்தாள். உறுப்பினர்களின் ஒருமை பன்மைகளை இரக்கமில்லாமல் திருத்தினாள். ஏன் மாறினாய் என்று அக்கா ஒருமுறை கேட்டதற்கு நடந்ததைச் சொன்னாள். நீ உன் வேலையைத்தானே செய்தாய் என்றாள் அக்கா.

“ஆமா,” என்றாள் மியூரியல். “நல்லாத்தான் செஞ்சேன்.”