நாலாவது தேக்சா

கல்யாணச் சமையலில் உனக்கு எதைக் கண்டால் பயம் என்று யாராவது கேட்டால் தயங்காமல் சொல்வேன்: கல்யாணப் பெண்ணின் பெரியப்பா சமையல்கட்டுக்குள் நுழைவதைக் கண்டால். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வருவார். ஒவ்வொரு பாத்திரமாக மூடியைத் தூக்கிப் பார்ப்பார். அவருக்கு வெந்நீர் கூட வைக்கத் தெரியாது. ஆனாலும் திறந்து பார்க்காவிட்டால் கல்யாணம் நடந்ததாகவே அவருக்குத் தோன்றாது.

அந்த மாசியில் குடவாசலில் ஒரு கல்யாணம் பிடித்திருந்தோம். என் வீட்டுக்காரர்தான் மாஸ்டர். சாமான் சட்டெல்லாம் என் பொறுப்பு. கேஸ் தட்டுப்பாடான நேரம், கேட்டதில் பாதி சிலிண்டர்தான் கிடைத்தது. விறகு மூட்டலாம் என்றால் மண்டபத்தில் விடமாட்டார்கள், சுவரெல்லாம் டைல்ஸ். மாப்பிள்ளை வீட்டார் நாகப்பட்டினத்திலிருந்து வருகிறார்கள், முதல் பந்தி அவர்களுக்கு. அதில் சாதம் அரிசியாக நின்றால் பெண் வீட்டுக்குத் தலைகுனிவு. எங்களை அப்புறம் இந்தப் பக்கம் ஒருத்தரும் கூப்பிட மாட்டார்கள்.

கேஸை அதிகம் தின்பது சாதம்தான். அதற்கு நான் ஒரு வழி வைத்திருந்தேன். ஊறவைத்த அரிசி உலையில் பாதி வெந்ததும் அடுப்பை நிறுத்திவிட வேண்டும். சோறு வேகும் அண்டாவை, எங்கள் பேச்சில் தேக்சாவை, அப்படியே மூடி இறக்கி, வைக்கோல் அடைத்த சாக்குகளால் சுற்றி வைத்தால், மீதி வேக்காடு உள்ளிருக்கும் சூட்டிலேயே முடிந்துவிடும். பிறகு வடித்தால் போதும். சின்ன விசேஷங்களில் செய்து பார்த்திருக்கிறேன். இத்தனை பெரிய தேக்சாவில் செய்ததில்லை.

"சொதப்பிச்சுன்னா என்ன பண்ணுவ?" என்றார் வீட்டுக்காரர்.

"வேற வழி இருந்தா சொல்லுங்க, செய்வோம்."

அவரிடம் வழி இல்லை. கடுப்பு மட்டும் இருந்தது. மண்டபத்துக்குப் பின்னாலிருந்த வைக்கோல் போரிலிருந்து கேட்டு வாங்கிச் சாக்குகளில் அடைத்து, நாலு தேக்சாக்களையும் அடுப்புக்கு எட்டாத சுவரோரமாக இறக்கிச் சுற்றினோம். காலியான அடுப்புகளில் சாம்பாரும் பாயசமும் ஏறின. கெட்டிமேளம் கேட்டது.

அப்போதுதான் பெரியப்பா வந்தார். "என்னம்மா, சோத்து அடுப்பே எரியல?" என்று கேட்டுக்கொண்டே, நான் பதில் சொல்வதற்குள் ஓரத்தில் இருந்த நாலாவது தேக்சாவின் சாக்கை விலக்கி மூடியைத் தூக்கிவிட்டார். ஆவி குபுகுபுவென்று வெளியேறியது. போதாக்குறைக்குக் கரண்டியை விட்டுக் கிளறினார். ஒரு பருக்கையை நசுக்கிப் பார்த்து, "அரிசியால்ல இருக்கு!" என்று கத்தினார்.

"மூடுங்க ஐயா! திறந்தா வேகாது!"

"நெருப்பில்லாம சோறு வேகுமா? யார்கிட்ட கதை விடுற?"

சொல்லிவிட்டு அடுத்த தேக்சாவுக்கு நடந்தார். நான் குறுக்கே போய் நின்றேன். கையில் ஜல்லிக்கரண்டி இருந்தது. அதை ஓங்கவில்லை, கீழேயும் வைக்கவில்லை.

"தள்ளும்மா."

"மாட்டேன்."

வீட்டுக்காரர் கடைசி சிலிண்டரை ஒற்றைக் கையால் அசைத்துப் பார்த்தார். "பாயசத்துக்கே பத்துமான்னு தெரியல" என்றார் மெதுவாக. சாதத்தை மறுபடி அடுப்பில் ஏற்ற வழியே இல்லை. பெரியப்பா கடைத்தெரு ஹோட்டலுக்கு போன் போட்டு, "வெள்ளைச் சோறு எவ்வளவு இருக்கு?" என்று கேட்டார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. நான் சமைக்கிற கல்யாணத்தில் கடைச் சோறா!

"இலையைப் போடச் சொல்லுங்க ஐயா. சோறு வேகலன்னா அந்தத் தேக்சாவை என் தலையிலயே கவுத்துடுங்க."

காதில் போனோடு அவர் நின்றார், கரண்டியோடு நான் நின்றேன். ஒருவரும் நகரவில்லை.

முதல் பந்திக்கு ஆட்கள் உட்காரும் சத்தம் கேட்டது. இனி வடித்தே ஆக வேண்டும். வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார்; தலையாட்டினேன். முதல் தேக்சாவைத் திறந்து ஒரு பருக்கையை எடுத்து விரலால் நசுக்கினேன். பூவாக நசுங்கியது. எனக்கு அழுகை வந்துவிட்டது. பெரியப்பா போனில், "வேணாம், அனுப்பாத" என்றார்.

இரண்டாவதும் மூன்றாவதும் அப்படியே வெந்திருந்தன. அவர் திறந்த நாலாவது மட்டும் வேகாமல் நின்றுவிட்டது. நல்லவேளையாக விருந்தாளிகளுக்கு மூன்றே போதுமாக இருந்தது.

பெண் வீட்டார் கடைசிப் பந்தியில் உட்கார்ந்தார்கள். அவர்களுக்கும் மூன்றாவதிலிருந்து எடுத்து வைத்திருந்தேன். பெரியப்பாவின் இலைக்கு மட்டும் நாலாவதிலிருந்து அள்ளிக்கொண்டு போனேன். "ஏய், வேணாம்டி" என்று வீட்டுக்காரர் கிசுகிசுத்தார். நான் கேட்பேனா?

அவர் ஒரு வாய் வைத்தார். நறுக்கென்றது எனக்கே கேட்டது. பக்கத்து இலையைப் பார்த்தார், தன் இலையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். ஊரையே கூட்டுவார் என்று நினைத்தேன்.

"கொஞ்சம் மோர் ஊத்தும்மா" என்றார். ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டு இலையை மடித்தார்.

நாங்கள் பாத்திரங்களை ஒழித்துக் கழுவிக்கொண்டிருந்தபோது மறுபடியும் சமையல்கட்டுக்கு வந்தார். பாயசப் பாத்திரம் மூடியபடி இருந்தது. பழக்கத்தில் அவர் கை மூடி வரைக்கும் போனது. தொடாமல் அப்படியே நின்று என் பக்கம் திரும்பினார்.

"திறக்கலாமாம்மா?"