நான் பிரித்த ஒரு சாண் தையல்

சுவிஸ் நாட்டின் லுசேர்ணில் முதியோர் இல்லமொன்றின் சலவைப் பகுதியில் வேலை செய்கிறேன். அங்கிருக்கும் ஒரு மூதாட்டியின் ஒட்டுத்துணிப் போர்வை, ஓரம் கிழிந்து என்னிடம் வந்தது. அமெரிக்காவில் பழைய முறைப்படியே வாழும் ஆமிஷ் சமூகப் பெண்கள் கையாலேயே தைத்த போர்வை. தையல் முழுவதும் அரிசிமணி போல ஒரே அளவு. ஒரு சாண் தூரம் மட்டும் கோணல்மாணல்.

“உதென்ன தையல்!” என்று எரிச்சலோடு முணுமுணுத்தபடி, கிழிசலைத் தைத்ததோடு அதையும் பிரித்து நேராகத் தைத்துவிட்டேன்.

திருப்பிக் கொடுத்தபோது மூதாட்டி போர்வையை விரலால் தடவித் தடவித் தேடினார். பிறகு ஜெர்மனில் சொன்னார்: “ஆமிஷ் ஊருக்கு விருந்தாளியாகப் போயிருந்தேன். எட்டுப் பெண்கள் இதை மரச்சட்டத்தில் கட்டி, சுற்றி உட்கார்ந்து தைத்தார்கள். என்னிடமும் ஓர் ஊசி தந்தார்கள். அந்தக் கோணல் என்னுடையது.”

எட்டுப் பேருக்கும் என்னைவிட நல்ல கை. ஒருத்திகூட அதைப் பிரிக்கவில்லை.