வாசலில் நிற்க வைத்தவள்

எழுபதுகளின் நடுவில் நாங்கள் திருவான்மியூரில் வீடு கட்டிக்கொண்டு போனபோது, மயிலாப்பூர் அலுவலகத்தில் என்னோடு வேலை பார்த்தவர்கள், "அங்க போய் யாரோட பேசுவீங்க?" என்று கேட்டார்கள். பேச ஆள் குறைவுதான். பஸ் நிலையத்தைத் தாண்டிக் கடற்கரைப் பக்கம் நடந்தால் மணல், சவுக்குத் தோப்பு, நடுநடுவே புது வீடுகள். ஆண்கள் வேலைக்குப் போன பிறகு அலைச் சத்தம் சமையலறை வரைக்கும் வரும். அந்த அமைதிக்காகத்தான் அங்கே போனோம்.

முதலில் செத்தது அடுத்த தெருவில் இருந்த ஓர் ஆசிரியரின் மனைவி. பட்டப்பகலில், சமையலறையில், கழுத்தை நெரித்துக் கொன்றிருந்தார்கள். நகை எதுவும் இல்லை. சில வாரம் கழித்துக் கோயில் பக்கம் ஓர் இளம்பெண். தூளியில் குழந்தை விடாமல் அழுகிறதே என்று எட்டிப் பார்த்தவர்கள்தான் கண்டார்கள். இரண்டு வீட்டிலும் கதவை யாரும் உடைக்கவில்லை. இரண்டு வீட்டிலும் அடுப்பில் பால் பொங்கித் தீய்ந்திருந்தது. பக்கத்தில் டம்ளரில் டிகாஷன் ஊற்றி வைத்திருந்தது.

"தெரிஞ்ச ஆளுதாங்க. இல்லேன்னா காப்பி போடுவாங்களா?" என்றார் விசாரிக்க வந்த இன்ஸ்பெக்டர்.

அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு யார் வீட்டுக்கும் யாரும் போகவில்லை. ஆனாலும் தெரு ஆண்கள் தடியோடு காவல் சுற்றியது என்னவோ குப்பத்து ஆட்களைத் தடுக்கத்தான். பக்கத்து வீட்டுக்கு மீன் கொண்டுவரும் அம்மாள் ஒரு நாள் கூடையை இறக்கிவைத்துவிட்டு எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்: "இன்னாமா, எங்க ஆளுங்க மேலயா சந்தேகம்? எங்களுக்கு என்னிக்குமா காப்பி போட்டுக் குடுத்துக்கீறீங்க? தண்ணியே தூக்கித்தானே ஊத்தறீங்க!"

என் பயமெல்லாம் என் மகளைப் பற்றித்தான். பதினைந்து வயது, ஒரே பெண். பள்ளிக்கூடம் விட்டு வந்தால், நான் பஸ் பிடித்து வந்து சேரும் வரை தனியாகத்தான் இருப்பாள். யார் வந்தாலும் கதவைத் திறக்காதே என்று தினமும் சொல்லிவிட்டுப் போவேன்.

"சித்தப்பா வந்தா?"

"திறக்காதே."

"நீ வந்தா?"

"கேலியா பண்றே? என் குரல் தெரியாதா உனக்கு?"

பஸ் அடையாறு பாலம் ஏறும்போதே எழுந்து படிக்கட்டுப் பக்கம் வந்து நின்றுவிடுவேன். இறங்கியதும் ஏறக்குறைய ஓடுவேன். தெருமுனை திரும்பி, வீட்டுக் கதவு சாத்தியிருப்பதைப் பார்த்தால்தான் மூச்சு சீராகும்.

அன்றைக்கும் கதவு சாத்தித்தான் இருந்தது. வெளியே ஒருவர் நின்றிருந்தார். வெள்ளை வேட்டி, நெற்றியில் விபூதி, கையில் மஞ்சள் பை. பைக்கு மேலே ஓரங்களில் மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகை. செருப்பைப் படிக்குக் கீழே ஒழுங்காகக் கழற்றி விட்டிருந்தார்.

"வணக்கம்மா. பத்திரிகை வைக்க வந்தேன். பாப்பா திறக்க மாட்டேங்குது. காலம் அப்படி, பாவம்," என்று சிரித்தார்.

வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது. பத்திரிகை வைக்க வந்தவரை யாராவது வாசலில் நிற்க வைப்பார்களா? முகம் பிடிபடவில்லை. என் கணவர் பக்கத்துச் சொந்தமாக இருக்கும் என்று நினைத்தேன். எங்கள் கல்யாணத்தில் பார்த்திருப்பேன், மறந்திருப்பேன். நீங்கள் யார் என்று கேட்டால் அந்தப் பக்கத்து ஆட்கள் ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவார்கள்.

மகளைக் கூப்பிட்டுக் கதவைத் திறக்கச் சொன்னேன். "பெரியவங்கள இப்படியா நிக்க வைப்பே?" என்று அவர் முன்னாலேயே திட்டினேன். அவள் முகம் வெளுத்திருந்தது.

"மாமி வரலியா?" என்று அவரைக் கேட்டாள்.

"அடுத்த தெருவுல பேசிக்கிட்டு இருக்காங்க பாப்பா. வந்துடுவாங்க."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். கல்யாணம் எங்கே என்று கேட்டேன், மாம்பலம் என்றார். காபி போடுகிறேன் என்று சமையலறைக்குப் போனேன். ஸ்டவ்வில் பாலை வைத்துக் காற்றடித்துக்கொண்டிருந்தபோது கூடத்தில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"தண்ணி போதும்மா. காப்பியெல்லாம் எதுக்கு?" குரல் மிக அருகில் கேட்டது.

திரும்பினேன். சமையலறை வாசல் வரை வந்திருந்தார். எனக்கும் அவருக்கும் நடுவில் என் மகள் நின்றிருந்தாள், கையில் தண்ணீர்ச் சொம்போடு. "இந்தாங்க," என்று நீட்டினாளே தவிர நிலையை விட்டு நகரவில்லை. இந்தப் பெண்ணுக்கு என்ன வந்தது என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

அப்போது வாசலில் சைக்கிள் மணி அடித்தது. என் கணவர்.

பத்திரிகையோடு வந்தவர் கூடத்துக்குத் திரும்பி, கை கூப்பி, "உங்களைத்தான் பாக்க வந்தேன். பாருங்க, பத்திரிகையில உங்க பேரு எழுத மறந்துட்டேன். எழுதி எடுத்துக்கிட்டு, வீட்டுலயும் கூட்டிக்கிட்டு வர்றேன்," என்றார். பத்திரிகை பைக்குள் போயிற்று. என் கணவரும் கை கூப்பி, அவசியம் வாங்க என்று வழியனுப்பிவிட்டு உள்ளே வந்தார்.

"யாரு? உங்க பக்கமா?"

"உங்க பக்கம்னுல்ல நெனச்சேன்?"

ஒருவரை ஒருவர் பார்த்தோம். உள்ளே பால் பொங்கி வழியும் சத்தம். மகள்தான் போய் அடுப்பை அணைத்தாள். என் கணவர் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்குப் பறந்தார்.

மறுநாள் அடையாற்றில் ஒரு வீட்டு வாசலில் அந்த ஆளைப் பிடித்தார்கள். பையில் ஒரே ஒரு பத்திரிகையும், அதற்கு அடியில் சுருட்டி வைத்த கயிறும் இருந்தன. யாரோ முன்பின் தெரியாதவர்களின் கல்யாணம். அது நடந்து முடிந்தே பல மாதம் ஆகியிருந்தது. அடையாளம் காட்டப் போனபோது என்னைப் பார்த்து மறுபடியும் கை கூப்பினான். என்னை அறியாமல் என் கைகளும் பாதி தூரம் எழுந்தன.

"எப்படிடீ உனக்குத் தோணிச்சு?" என்று மகளைக் கேட்டேன்.

"தோணவெல்லாம் இல்லம்மா. நீ திறக்காதேன்னே, திறக்கல. அப்புறம் நீயே திறக்கச் சொன்னே."

பத்து வருஷம் கழித்து, போன வருஷம்தான் அவளுக்குக் கல்யாணம் ஆயிற்று. பத்திரிகை வைக்க தி. நகர், மயிலாப்பூர் என்று அலைந்தோம். ஒவ்வொரு வீட்டிலும் படியேறும் முன்பே நாங்கள் யார், எந்த வழியில் சொந்தம் என்று உரக்கச் சொன்னேன். "என்னம்மா, உங்களைத் தெரியாதா?" என்று சிரித்தார்கள். தெரிந்திருந்தாலும் முழுக்கச் சொல்லி முடித்த பிறகுதான் உள்ளே போனேன்.

இப்போது அவள் ஆழ்வார்பேட்டையில் இருக்கிறாள். மாப்பிள்ளை வேலைக்குப் போன பிறகு தனியாகத்தான் இருப்பாள். சில நாள் அலுவலகம் விட்டு நேரே அங்கே போய்க் கதவைத் தட்டுவேன்.

"யாரு?"

"அம்மாடீ."

உடனே திறக்க மாட்டாள். ஜன்னல் திரை லேசாக விலகும், அவள் கண் தெரியும், பிறகுதான் தாழ்ப்பாள் நகரும். எப்போதாவது வந்து தங்கும் அவள் மாமியாருக்கு இது பெரிய குறை. பெற்ற தாயையே வாசலில் நிற்க வைக்கிறாளே என்று என்னிடமே சொன்னார். அந்த வாசலில் காத்து நிற்கிற நேரத்தில்தான் எனக்கு மூச்சு சீராகிறது.