கூண்டுக்குள் காணாமல் போன குருவி

நான் பள்ளி வேன் ஓட்டிக்கொண்டிருந்தவன். திருவிடைமருதூரைச் சுற்றியுள்ள கிராமங்களிலிருந்து பிள்ளைகளை ஏற்றிப் பள்ளியில் விட்டு, சாயங்காலம் திரும்பக் கொண்டுபோய்ச் சேர்ப்பேன். எங்கள் பக்கத்துச் சாலைகள் வாய்க்காலை ஒட்டியே வளைந்து போகும். ஒரு முழம் தப்பினால் தண்ணீர்தான். அதனால் என் கண் என் சொத்து மட்டுமல்ல, வண்டியில் இருக்கும் பிள்ளைகளின் உயிர் என்று வீட்டில் அடிக்கடி பீற்றிக்கொள்வேன்.

மகள் ஆசைப்பட்டாள் என்று கும்பகோணத்தில் ஒரு ஜோடி பின்ச் குருவி வாங்கினேன். தினை தின்னும், நாளெல்லாம் பொம்மையை அமுக்கின மாதிரி மீப் மீப் என்று கத்தும், வேறு உபயோகம் கிடையாது. ஒரு தை மாதம் ஆண் குருவிக்கு ஒரு கண் வீங்கிப் பூளை கட்டியது. தலையைச் சாய்த்துக்கொண்டே பறந்தது. நேராகப் போகவேண்டிய இடத்துக்கு ஒரு வட்டம் அடித்துப் போனது. பார்க்கவே எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது.

அதே வாரத்தில் எனக்கும் வலது கண்ணில் மெட்ராஸ் ஐ வந்தது. குருவி ஒட்டிவிட்டது என்றாள் மனைவி. இல்லை, நீங்கதான் குருவிக்கு ஒட்டிவிட்டீங்க என்றாள் மகள். பள்ளியில், சரியான பிறகு வந்தால் போதும் என்று அனுப்பிவிட்டார்கள். டாக்டர் கொடுத்த சொட்டு மருந்து எரிகிறது என்று மூலையில் வைத்துவிட்டேன். எங்கள் வீட்டில் கண்ணுக்கு எப்போதும் நந்தியாவட்டைதான். மனைவி கொல்லையில் பூத்ததைப் பறித்து, குளிரக் குளிர என் வலது கண்ணில் வைத்துத் துணியால் கட்டிவிட்டாள். பூ ஊறின தண்ணீரைப் பஞ்சில் தொட்டுக் குருவிக்கும் துடைத்தாள்.

வேலை இல்லாதவனுக்குக் கூண்டுதான் டிவி. வாசல் கிரில்லில் அது தொங்கும், எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன். ஒரு நாள் விளக்கு வைக்கிற நேரத்தில் ஆண் குருவி குச்சியிலிருந்து கிளம்பியது. பாதி வழியில் இல்லாமல் போனது.

பறந்து மறையவில்லை. இல்லாமல் போனது. பின்னாலிருந்த கம்பிகள் மட்டும் தெரிந்தன. மீப் மீப் என்ற சத்தம் மட்டும் அந்த வெற்றிடத்திலிருந்து வந்தது. அடுத்த நொடி குருவி ஊஞ்சலில் உட்கார்ந்து, வீங்கின கண்ணை என் பக்கம் திருப்பிப் பார்த்தது.

மறுநாளும் அப்படித்தான். மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"இப்ப எங்க போச்சு சொல்லு?"

"அங்கயேதாம்பா இருக்கு. றெக்கைய அடிச்சுக்கிட்டு நிக்குது பாருங்க."

"எங்க நிக்குது? கம்பிதான் இருக்கு."

அவள் குருவியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய்விட்டாள். கலக்கத்தை மறைக்கக் கத்தினேன், அது என் வழக்கம். மனைவி உப்பையும் மிளகாயையும் எடுத்துவந்து கூண்டுக்குத் திருஷ்டி சுற்றி அடுப்பில் போட்டாள்.

"அந்திநேரத்துல அதையே வெறிச்சுப் பாத்துக்கிட்டு உக்காராதீங்க. எனக்குப் பயமா இருக்குங்க" என்றாள்.

எனக்கும் பயம்தான்.

ஒருவழியாக என் கண் தெளிந்து கட்டை அவிழ்த்தேன். முதல் வேலையாகக் கூண்டின் முன்னால் போய் நின்றேன். குருவி குச்சியிலிருந்து ஊஞ்சலுக்கு முழுசாகப் பறந்தது, எங்கேயும் மறையவில்லை. அதன் கண் வீக்கமும் வடிந்திருந்தது. பூவும் உப்பு மிளகாயும் வேலை செய்துவிட்டன என்று மூன்று பேரும் சந்தோஷப்பட்டோம். அடுத்த நாள் வண்டி எடுத்தேன்.

அறுவடை நேரம். சாலையின் இடது பாதியில் நெல் காயப்போட்டிருந்தார்கள். பக்கத்து வயலில் அறுவடை மெஷின் ஓடியது. நெல்லின் சுணை பறந்துவந்து வலது கண்ணில் விழுந்தது. அதை மூடிக்கொண்டு, நல்ல கண் ஒன்று இருக்கிறதே என்ற தைரியத்தில் மெதுவாக உருட்டினேன். சாலை காலியாக இருந்தது. நெல் மட்டும் மஞ்சளாகக் கிடந்தது.

பின்னால் பிள்ளைகள் அலறினார்கள். பிரேக்கை மிதித்தேன்.

காலியாக இருந்த இடத்தில், பம்பருக்கு ஒரு சாண் முன்னால், ஒரு பெண் நின்றிருந்தாள். காலால் நெல்லைக் கிளறியவள் அப்படியே சிலையாகிவிட்டாள். பிள்ளைகள் எல்லோரும் அவளை முதலிலேயே பார்த்திருந்தார்கள். குருவி எங்கே போயிருந்தது என்று எனக்கு அப்போது புரிந்தது.

தஞ்சாவூரில் கண் டாக்டர் விளக்குப் போட்டுப் பார்த்தார். இடது கண்ணின் நரம்பு வற்றிவருகிறது என்றார். வலி இருக்காதாம், தெரியவும் தெரியாதாம். இத்தனை நாளும் வலது கண் முடிந்தவரை அந்தக் குறையை மூடி மறைத்து ஓட்டியிருக்கிறது.

"எவ்வளவு நாளா டாக்டர்?"

"சொல்ல முடியாதுங்க. வருஷக்கணக்காகூட இருக்கலாம். இடது ஓரத்துல இருக்கறத மட்டும் இடது கண்ணாலதான் பாக்கணும். அதுக்கு வலது கண்ணு உதவாது."

சாவியை அன்றே வேன் முதலாளியிடம் கொடுத்துவிட்டேன். இப்போது உரக்கடையில் மூட்டைக்குக் காவல் இருக்கிறேன், பிழைப்புக்குக் குறைவில்லை. ஆனால் தூக்கம் வருவதில்லை. வேனின் கதவு இடது பக்கம். எல்லா ஊரிலும் பிள்ளைகள் எனக்காக அந்த ஓரத்தில்தான் வந்து நிற்பார்கள்.