துண்டுக்கடியில் கொடுத்த குழாய்கள்

நகரசபைத் தலைவர் பதவிக்கு நிற்பவனுக்கு, தான் கொடுத்த வாக்கெல்லாம் ஞாபகத்தில் இருக்க வேண்டும். செங்கல்பட்டில் நான் நின்றபோது என்னிடம் இருந்ததெல்லாம் மாட்டுத் தரகனின் கோபமும் ஒரு சிவப்புத் துண்டும்தான். எங்கேயாவது, எதற்காவது நின்று பார்த்த அன்பர்களே, உங்களுக்குத்தான் இது புரியும்.

முதல் வேலை எது?

ஸ்டேஷனுக்கு அப்பால் நாளுக்கொரு வீடு முளைத்துக்கொண்டிருந்த காலம். ரயில்வேக்காரர்களும் கோர்ட்டு குமாஸ்தாக்களும் குடும்பத்தோடு வந்து இறங்கினார்கள். தண்ணீருக்கு மட்டும் அதே பழைய தொட்டி. வளர்கிற ஊருக்கு முதலில் குடிநீர், அடுத்தது சாக்கடை, மூன்றாவதாகச் சந்தையை ஊருக்கு வெளியே மாற்றுவது என்று நோட்டீஸ் அடித்தேன். மாட்டுச்சந்தையில் பிழைக்கிற நானே அப்படி எழுதினேன் பாருங்கள், அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்.

தலைவருக்கு ஓட்டுப் போடுவது கவுன்சிலர்கள். நானும் ஒரு கவுன்சிலர்தான். இன்னொருவர் ரிடையரான வாத்தியார். நோட்டீஸை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "எல்லாம் சரி. என் தெருவுக்கு எத்தனை குழாய்னு எங்கே போட்டிருக்கு?"

கையும் துண்டும்

சந்தையில் நாங்கள் விலையை வாயால் சொல்வதில்லை. கைமேல் துண்டைப் போட்டு, உள்ளே விரலைப் பிடிப்போம். எத்தனை விரலில் முடிகிறதோ அதுதான் பேச்சு. அப்புறம் மாற்றினவன் சந்தைக்குள் கால் வைக்க முடியாது.

பழக்கதோஷம், வாத்தியார் கையிலும் துண்டைப் போட்டுவிட்டேன். இரண்டு விரல் பிடித்தேன், அவர் நாலாக்கினார், மூன்றில் முடிந்தது. அந்த ருசியில், என் பக்கம் சாயக்கூடிய கவுன்சிலர் வீட்டுக்கெல்லாம் துண்டோடு போனேன். ஒருவருக்குக் கொடுத்தது மற்றவருக்குத் தெரியாது. என் மனைவியின் தம்பியும் கவுன்சிலர். அவன் மட்டும் கையை நீட்டவில்லை. "இன்னா மாமா, ஊரை மாடுன்னு நெனச்சிக்கினியா?"

மீன்கூடை

மாமல்லபுரம் பஸ்ஸில் கூடையோடு வந்து சந்தை வாசலில் மீன் விற்கும் ஓர் அம்மாவிடமும், ஓட்டுப் போடுவது கவுன்சிலர்கள்தான் என்பதே மறந்துபோய், சந்தைக்கு ஒரு குழாய் தருவதாகச் சொன்னேன். மீன் கழுவ ஒன்று பத்தாது என்றாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வெயிலில் நின்று கத்திக் கத்திப் பேரம் பேசி இரண்டுக்கு ஒப்புக்கொண்டேன். அவள் கூடையைத் திறந்தாள். "எனக்கு இந்த ஊர்ல ஓட்டே கெடயாது நைனா. வஞ்சிரம் வேணுமா, வாணாமா?"

தொட்டி

தேர்தலுக்கு முதல் நாள்தான் நகரசபை ஓவர்சியரிடம் கேட்கத் தோன்றியது, தொட்டி எத்தனை புதுக் குழாய்க்குத் தாங்குமென்று. எட்டு என்றார். நான் கொடுத்திருந்ததோ இருபத்துநாலு. விரல் பிடித்ததை மாற்றினால் என் பிழைப்பு போச்சு; மாற்றாவிட்டால் ஊருக்கே தண்ணீர் போச்சு. ஓவர்சியர் தாராளமாகத்தான் பேசினார். "இருபத்துநாலும் வைக்கலாம் சார், காத்து நல்லா வரும்."

ஒரே ஓட்டு

மறுநாள் சீட்டுகளைப் பிரித்தார்கள். ஒரு ஓட்டில் தோற்றேன். தோற்றவனிடம் யாரும் குழாய் கேட்க முடியாது என்று உறைத்ததும், முந்தின நாளிலிருந்து அடைத்துக்கொண்டிருந்த மூச்சு வெளியே வந்தது. வாசலுக்கு வந்தால் மச்சான் நிற்கிறான். அந்த ஒரு ஓட்டை எதிராளிக்குப் போட்டது தான்தான் என்றான். அறையக் கையை ஓங்கினேன். அவன் நகரவில்லை. "ஓவர்சியர் என்கிட்டயும் சொன்னாரு மாமா. நாளைக்கு நீ சந்தைக்குப் போவணுமா, வாணாமா?"

ஓங்கிய கையை அவன் தோளில் போட்டுக்கொண்டு காபி சாப்பிடப் போனேன். ஜெயித்தவரோ துண்டு இல்லாமல் வாயாலேயே எல்லாருக்கும் குழாய் கொடுத்தவர், அதனால் அவருக்கு இன்றுவரை ஒரு சங்கடமும் வரவில்லை.